மழையில் பள்ளிக்கூடம் பார்த்தவள்

ஊரில் எல்லோரும் நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவார்கள். மங்கையர்க்கரசி மட்டும் கொட்டுகிற மழையில் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கூடப் போய் நனைந்தவள் நான். மூன்று நாள் தும்மினேன். இருந்தாலும் சொல்கிறேன், அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியைப் போர்ட் பிளேர் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் ரஷீதா. அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த நூர்முகம்மதுவின் சம்சாரம். நாகூரில் மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டு, கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். எங்கள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை சும்மா கிடந்தது. 1966 ஜூனில், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், வடக்கே லாங் ஐலண்ட் தீவிலிருந்து படகில் வந்து அதில் குடியேறினாள் மங்கை. புருஷன் பக்தவத்சலம் பாரஸ்ட்டில் மரம் அளக்கிறவர். சாத்தம் மரமில்லுக்கு மாற்றல் ஆகியிருந்தது. ஒரே மகள் ஜெயமணி, லாங் ஐலண்டில் ஐந்தாவது முடித்தவள்.

மங்கைக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் கதைப் பைத்தியம். மெட்ராஸ் கப்பல் கொண்டுவரும் வாரப் பத்திரிகையை மகள் கையில் கொடுத்து, "படிடி" என்பாள். ஜெயமணி ஏற்ற இறக்கத்தோடு தொடர்கதை வாசிப்பாள். இவள் முந்தானையில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள். நானும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். என்ன குரல் அந்தப் பெண்ணுக்கு!

வந்த வாரமே வீட்டில் சண்டை. பக்தவத்சலம் மகளைக் கும்பகோணத்தில் அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதென்று முடிவு பண்ணி, ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அனுப்ப டிக்கெட்டும் போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் இங்கே அது வழக்கம்தான். மெயின்லேண்டுக்குப் படிக்கப் போன பிள்ளை வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் கப்பல் மனசு வைத்தால், வரும். வந்து சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்காரும். பெற்றவள் அதற்கு என்ன பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் வந்து கேட்பாள். இந்தக் கண்ணால் எத்தனை பார்த்திருக்கிறேன்!

"இங்க எட்டு மாசம் மழை. எல்லாப் பள்ளிக்கூடமும் தகரக் கூரை. வாத்தியார் சொல்றது வாத்தியாருக்கே கேக்காது. மழை வந்தா பாடம் கிடையாது. பொண்ணு என்னத்தப் படிக்கும்?" என்றார் அவர்.

"மழையிலயும் பாடம் நடக்கற பள்ளிக்கூடம் ஒண்ணு காட்டினா?"

"காட்டு. டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மங்கைக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. "அக்கா, கெளம்புங்க" என்று வாசலில் வந்து நின்றாள், பக்கத்தில் ஜெயமணி. பைத்தியமா உனக்கு என்று திட்டிக்கொண்டேதான் செருப்பை மாட்டினேன்.

முதலில் மேட்டிலிருந்த பெரிய பள்ளிக்கூடம். வெள்ளைச் சுவர், இங்கிலீஷ் வகுப்பு, பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே எட்டிப் பார்த்தால், தகரத்தில் மழை இடிக்கிற இடியில் பிள்ளைகள் எல்லாம் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தன. டீச்சரம்மா நிம்மதியாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். இந்த ஊர் வெக்கைக்கு ஸ்வெட்டர்!

அடுத்தது ஹிந்திப் பள்ளிக்கூடம். வாசலில் பியூன் பீடியும் கையுமாக நின்றான். "ஆஜ் சுட்டி! பாரிஷ் தேக்கா நஹீ?" என்றான், மழைக்கு லீவு விட்டதே தெரியாமல் வந்து நிற்கும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து. பிள்ளைகள் செம்மண் சேற்றில் பந்து உதைத்துக்கொண்டிருந்தன.

"உன் புருஷன் சொன்னது சரிதான், வா வீட்டுக்குப் போவோம்" என்றேன். என் புடவை முழங்கால் வரை சேறு. மங்கை காதில் வாங்கவே இல்லை. சரிவில் இறங்கி, கடலோரமாக இருந்த சின்ன கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு மூலையில் தமிழ் வகுப்புகள் நடப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

அங்கேயும் அதே தகரக் கூரைதான், அதே இரைச்சல்தான். ஆனால் ஒரு பிள்ளைகூடத் தலை கவிழவில்லை. விசாலாட்சி என்ற டீச்சர் சிலேட்டுப் பலகையில் ஒரு கணக்கை எழுதித் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் தங்கள் பலகையில் விறுவிறுவென்று எழுதித் தூக்கினார்கள். தப்பாகப் போட்டவனைப் பார்த்து டீச்சர் இன்னொரு வரி எழுதிக் காட்ட, வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. பேச்சே இல்லை. பாடம் ஜாம்ஜாமென்று நடந்தது. மழைக்காலம் முழுக்க அந்த வகுப்பில் அப்படித்தானாம்.

மங்கை என் கையை நசுக்கிவிட்டாள். "அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்!"

டீச்சர் எங்களைக் கவனித்தார். ஜெயமணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, 'உன் பெயர் என்ன?' என்று எழுதி, பலகையை அவளிடமே கொடுத்தார். அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள். குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு, ஹிந்தியில் தன் பெயரை எழுதினாள். டீச்சர் அதன் கீழே, 'தமிழில் எழுது' என்று எழுதினார். பெண் அசையவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் வராந்தாவில் வைத்து உண்மை வெளியே வந்தது. லாங் ஐலண்டில் இருந்தது ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார். பெங்காலிப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் சேர்த்து ஹிந்தியில்தான் பாடம். வீட்டில் நாளெல்லாம் தமிழ் பேசுகிறாள், பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் படிக்கிறாள், அப்புறம் தமிழ் படிக்கத் தெரியாமலா இருக்கும் என்று பெற்றவர்கள் இருந்துவிட்டார்கள். அம்மாவுக்குப் படிப்பில்லை. அப்பா மாதக்கணக்கில் காட்டில் மர கேம்ப்பில் கிடந்தவர். யார் பார்ப்பது?

"ஏண்டி, வாராவாரம் எனக்குக் கதை படிச்சியேடி!"

"படத்தப் பாத்துச் சொன்னேம்மா."

"அப்ப அந்தச் சரோஜா? அவ புருஷன் திரும்பி வந்தானே?"

"நான்தான் வர வச்சேன். நீ ரொம்ப அழுதியே."

அட பாவிப் பெண்ணே! மங்கை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே மகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

டீச்சர் திருநெல்வேலிக்காரர். "இங்க நெறைய பிள்ளைய இப்படித்தாம்மா. வாய் பேசும், கை எழுதாது. கணக்கு, பூகோளமெல்லாம் படிச்சிருக்கால்லா? ஆறாப்புலயே உக்காரட்டும், எழுத்த நான் பாத்துக்கிடுதேன். ஊருக்கு அனுப்பினியன்னா ஆனா ஆவன்னா பிள்ளையளோட உக்கார வச்சிருவாவ" என்றார்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது பக்தவத்சலம் நம்பவில்லை. "என் பொண்ணுக்கா தமிழ் தெரியாது? அவ பேச்சைக் கேட்டியா நீ?" என்று, எங்கள் கடையில் வெல்லம் மடித்த காகிதத்தை உதறி நீட்டினார். "படிம்மா."

ஜெயமணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். மந்திரி பாலம் திறந்தார், ஜனங்கள் கூடினார்கள், மாலை போட்டார்கள் என்று கணீரென்று ஓடியது. பின்னாலிருந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் அவர். நானும் பார்த்தேன். அது கூந்தல் தைல விளம்பரம்.

மனிதர் முகம் செத்துப்போனது. காகிதத்தை வாங்கி மடித்து வைத்தார். "அப்படின்னா கட்டாயம் ஊருக்குப் போகணும். நாளைக்குக் கப்பல். பெட்டியைக் கட்டு" என்றார்.

"மழையிலயும் பாடம் நடக்குதுன்னு கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன். நீங்க குடுத்த வார்த்தை என்னாச்சு?" என்று மங்கை கத்தினாள். அவர் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீங்க கப்பல்ல ஏத்தறது பொண்ணையா, மரக்கட்டையையா?" என்று கேட்டேவிட்டேன்.

"பாயம்மா, இது எங்க வீட்டு விஷயம்."

போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்து, என் வீட்டுப் பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினேன்.

காலையிலும் விடாத மழை. அவர் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் ஜெயமணி. மங்கை மகளின் கையை விடாமல், வாய் ஓயாமல், எண்ணெய் தேய்த்துக் குளி, பெரியம்மாவை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை போலிருந்தது. வழியனுப்பக் குடையோடு நானும் போனேன்.

மங்கை சொல்வதையெல்லாம் கேட்டபடி நடந்தவர், கப்பல் ஜெட்டிக்கும் கடலோரத்துக்கும் பாதை பிரிகிற இடத்தில் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "அந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?"

நான்தான் கையைக் காட்டினேன்.

வகுப்பு வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே போனார். மர கேம்ப்பில் கத்திப் பேசிப் பழகிய மனுஷன் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு பலகையை நீட்டினார். அவர் கையைச் சட்டையில் துடைத்து, நிதானமாக எழுதித் தூக்கிப் பிடித்தார்.

வகுப்பு முழுக்கப் படித்தது. படித்துவிட்டு பெஞ்சைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தது. அந்த அறையில் அது புரியாமல் நின்றது இரண்டே பேர். ஜெயமணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு பேர் தலையையும் சேர்த்துப் பிடித்து, காதோடு கத்தினேன்:

"'என் மகள் எங்களோடு இருந்தே படிக்கட்டும். சேர்த்துக்கொள்ளுங்கள்'னு எழுதியிருக்காரு!"

மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயமணி அப்பாவிடம் ஓடினாள். பலகையைக் கீழே இழுத்து, எம்பி அவர் காதில் ஏதோ கேட்டாள். 'மகள்' என்கிற வார்த்தை இதில் எது என்று கேட்டாளாம், அப்புறம் அவர் சொன்னார். அவர் குனிந்து, ஈர விரலால் எழுத்து அழிந்துவிடாமல், அந்த இடத்தைத் தொடாமல் தொட்டுக் காட்டினார்.