நடவுக் கழனியில் ராணி கதை

பள்ளிக்கூடத்து வாத்தியார், பெரிய எழுத்தில் அச்சடித்த ராணி கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பி, பொங்கலுக்குள் இதைத் திக்காமல் படித்தால்தான் அடுத்த வகுப்பு என்றுவிட்டார். எனக்கோ இரண்டு எழுத்தைச் சேர்ப்பதற்குள் நாக்கு புரண்டுவிடும். "படிப்பு ஏறலன்னா வுட்டுடு. கன்னுக்குட்டிய ஓட்டிக்கினு போவட்டும்" என்றார் அப்பா. அம்மா விடுவாளா? பிடிவாதத்தில் அவளை மிஞ்சப் பாகூர்ப் பக்கத்திலேயே ஆள் கிடையாது.

எங்கள் வீட்டு விளக்கு சோறு தின்னும் வரைதான் எரியும். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தான் நடவு நடும் ஏரிக்கரைக் கழனிக்கு வரச் சொன்னாள் அம்மா. பெண்கள் குனிந்து நட, நான் வரப்பில் நின்று புத்தகத்தைப் பிரித்தேன். நடவுப் பாட்டில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இப்போது பாட்டுக்குப் பதில் நான். நான் படித்த வரியை அத்தனை பேரும் திருப்பிச் சொல்லி நாற்றை ஊன்றினார்கள். திக்கினால் ஒருத்தியும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். "அப்பால ராணிக்கு இன்னா ஆச்சுடி? சீக்கிரம் சொல்லு" என்று சித்தி மட்டும் பறப்பாள். அவளுக்காகவாவது எழுத்துக் கூட்டித் தொலைக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் பண்ணைக் காரியக்காரர் குடையோடு வந்து நின்றார். "நடவுக்கு வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா? நாளையிலேர்ந்து இந்தப் பொண்ணு இங்க வரக்கூடாது."

அம்மா நிமிர்ந்தாள். "காதுதானே கேக்குது சாமி, கை சும்மாவா கீது? பொழுதுக்குள்ள இந்தக் கழனி முடியலன்னா இவள இட்டுக்கினு வரல."

அப்புறம் யாரும் முதுகை நிமிர்த்தவில்லை. நானும் படிப்பை நிறுத்தவில்லை. பொழுது சாயும்போது ஒரு மூலைகூட மிச்சமில்லை. காரியக்காரர் வரப்பைச் சுற்றி வந்து குறை தேடினார். கிடைக்காத கோபத்தில், இல்லாத வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

நடவு முடிவதற்குள் ராணி நாடு திரும்பினாள். பொங்கலுக்குள் நானும் வாத்தியாரிடம் திக்காமல் படித்துக் காட்டி மேல் வகுப்புக்குப் போனேன்.

சித்திரையில் அம்மன் கோவில் கூத்தில் அதே ராணி வந்தாள். கூத்தென்றால் ஆரம்பத்திலேயே தூங்கிவிடுகிறவள் நான். என் கதையாயிற்றே என்று அந்த வருஷம்தான் விழித்திருந்தேன். வேஷக்காரர் வாயைத் திறக்குமுன்பே சித்தியும் மற்றப் பெண்களும் வசனத்தை முணுமுணுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் படித்ததை எப்படி மனப்பாடம் செய்திருக்கிறார்கள் பார் என்று அம்மாவிடம் அளந்தேன்.

"ஆமாண்டி, எல்லாம் நீ படிச்சதுனாலதான்" என்றாள் அம்மா.

நான் பிறக்குமுன்பிருந்தே வருஷா வருஷம் அதே கூத்துதான் என்பதும், ராணிக்கு என்ன ஆகும் என்று தெரியாதவள் அந்தக் கழனியில் நான் ஒருத்திதான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.