அடுத்த வாசல்

"விலை அப்புறம். அவங்க வீட்டுல என்ன சமையல்?"

கலாவதி ஆன்ட்டி அன்று கடையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அமெரிக்காவில், பார்சிப்பனியில் என் கீழ்வீட்டுக்காரரான அவர் ஒயின் கடையில் கறுப்பு ஏப்ரனோடு நிற்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. மேனேஜர் வீட்டு விருந்துக்கு ஒரு பாட்டில் வாங்கப் போயிருந்தேன்.

"ஆட்டுக்கறி ரோஸ்ட்டாம், ஆன்ட்டி."

"காரம் மிளகுலயா, மிளகாய்த்தூள்லயா?"

"அமெரிக்கன்ஸ். மிளகுதான் போடுவாங்க."

"அப்ப இது." தெற்குப் பிரான்சின் சிவப்பு ஒயின் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "மூணு திராட்சை கலந்தது. கிரெனாஷ் பழ வாசனைக்கு, சிரா மிளகு வாசத்துக்கு, மூர்வெத்ர் கனத்துக்கு. நம்ம மசாலா அரைக்கிற கணக்குதான். மிளகாய்க் காரத்தோட குடிச்சா தொண்டை எரியும். மீன் குழம்புக்கு வெச்சியோ, இரும்புக் கம்பிய நக்குன மாதிரி இருக்கும்."

"நீங்க குடிப்பீங்களா?"

"வாயில வெச்சுத் துப்பிருவேன். உப்புப் பாத்தா சாப்பிட்டதாயிருமா?"

வாடிக்கையாளர்களை அவரவர் சமையலால்தான் ஆன்ட்டி ஞாபகம் வைத்திருப்பார். "இன்னைக்குக் காளான் பொண்ணு வரலியே" என்பார். ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் யாருடைய பிரியாணியையாவது ஒரு கரண்டி வாயில் போட்டதும், கண்ணை மூடி அதற்குப் பொருந்தும் ஒயினின் பிரெஞ்சு ஊர்ப் பெயரை முணுமுணுப்பார். கணவர் மாரிசாமிக்கு உடனே இருமல் வந்துவிடும்.

சொந்த ஊரான கோவில்பட்டிக்கு மாரிசாமி சொல்லியிருந்தது வேறு. அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தவரை கலாவதி மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். ஒயின் கடையை ஒட்டியே ஓர் இந்திய மளிகைக் கடை இருந்ததால், பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மாலையில் மாரிசாமி காரை மளிகைக் கடை வாசலில்தான் நிறுத்துவார். ஆன்ட்டி ஏப்ரனைக் கழற்றி, நான்காய் மடித்து, கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு அங்கே நடந்து போவார்.

2007 கோடையில், கடை முதலாளி பிரெஞ்சு ஒயின் அலமாரிகள் முழுவதையும் ஆன்ட்டியின் பொறுப்பில் விட்ட அதே மாதம், மாரிசாமியின் அண்ணன் செல்வராஜ் ஊரிலிருந்து வருவதாக முடிவானது.

"அதுக்குள்ள வேலைய விட்ரு, கலா. அண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்று என் முன்னாலேயே கேட்டார் மாரிசாமி. ஆன்ட்டி அடுப்பைக் குறைத்துவிட்டுச் சுக்காவைக் கிளறினார். வேலையை விடவில்லை.

வந்த மூன்றாம் நாளே செல்வராஜ், "அந்தப் பிள்ள வேலை பாக்குற கடையக் காட்டுடா" என்றார்.

"ரொம்பத் தூரம்ணே" என்றார் மாரிசாமி.

மறுநாள் காலை ஆன்ட்டி என் கதவைத் தட்டினார்.

"இன்னைக்கு லீவுதானே உனக்கு? மத்தியானம் பெரியவர உன் கார்ல கூட்டிட்டு வர்றியா? இவரு கூட்டிட்டு வரமாட்டாரு."

"மளிகைக் கடைக்கா?"

"அடுத்த வாசலுக்கு."

சொல்லிக்கொண்டே ஏப்ரனைப் பையிலிருந்து எடுத்து உதறினார். மடிப்புக் கோடுகள் போகவில்லை. என் மேசை மேல் அதை விரித்து, உள்ளங்கையால் இரண்டு முறை நீவிப் பார்த்தார்.

"அயர்ன் பாக்ஸ் இருந்தாக் குடேன்" என்றார்.