மேற்கு வெயிலுக்கு ஒரு மரம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டுப் போர்ச்சில் மனுஷன் உட்கார முடியாது. என் வீட்டுக்காரர் உட்காருவார். அதுதான் என் பிரச்சினை.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்த பிறகு, கெர்லிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தை விட்டு ரவாங்கில் மகன் வாங்கிய வீட்டுக்கு வந்துவிட்டோம். வரிசை வீடுகளில் கடைசி வீடு. முன்னாலும் பக்கத்திலும் கொஞ்சம் மண் கிடக்கிறது. வீடு மேற்கே பார்த்திருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் யோசிக்கவில்லை. போர்ச்சுக்குக் கூரை இருக்கிறது, ஆனால் சாய்ந்து வருகிற வெயிலுக்குக் கூரை என்ன செய்யும்? நேரே நாற்காலிக்கு வந்துவிடும்.

ஆயுசுக்கும் செம்பனைக் காட்டில் லோரி ஓட்டிய மனுஷன். நாலு சுவருக்குள் இருக்கச் சொன்னால் இருப்பாரா? காலையில் பசியாறியதும் போர்ச்சில் உட்கார வேண்டும், ரோட்டைப் பார்க்க வேண்டும். ஏர்கோன் அறையில் படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் இடது கையால் கதவை இடிப்பார். மூங்கில் தட்டி வாங்கித் தொங்கவிட்டேன். ரோடு மறைகிறதென்று ஊன்றுகோலால் அடித்தே அதைக் கிழித்துவிட்டார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கடைக்காரர்கள் விரிப்பார்களே, அந்த மாதிரி பெரிய குடை ஒன்றை மகன் கொண்டுவந்து நட்டான். ஒரு புயல்காற்றில் அது பறந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கார் மேல் உட்கார்ந்துகொண்டது. மன்னிப்புக் கேட்கப் போனது நான். பேச்சுதான் குழறுகிறதே தவிர அவர் பிடிவாதத்துக்கு ஒரு பழுதும் வரவில்லை.

வெயில் மிகவும் கொளுத்திய ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் எதற்கோ எட்டிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. வாய் திறந்திருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், அசைவே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். வாளித் தண்ணீரைத் தூக்கித் தலையோடு ஊற்றினேன். கண்ணைத் திறந்து, "ஏன் புள்ள நனைக்கிற?" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதேன். கிளினிக்கில் டாக்டர், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, இன்னொரு தடவை இப்படி ஆனால் சொல்வதற்கில்லை என்றார்.

அன்றிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அரிசி களைந்தபடியே எட்டிப் பார்ப்பேன். குளிக்கப் போனால் பாதியில் கதவைத் திறந்து குரல் கொடுப்பேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தூரத்தில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் திரும்பாமலேயே கேட்டார்: "செத்துட்டேனான்னு பாக்குறியா?"

"ஆமா, பாக்குறேன். உள்ள வந்தா ஏன் பாக்கப் போறேன்?" என்று கத்தினேன்.

அறை வேண்டாம், தட்டி வேண்டாம், குடை நிற்காது. சரி, மரம் வைத்தால் என்ன செய்வார்? மரத்தை ஊன்றுகோலால் கிழிக்க முடியாதே. கிளைக்குக் கீழே ரோடும் தெரியும். இந்த யோசனை வந்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் எந்த மரம் என்று கேட்டுக்கொண்ட உடனே அந்த உயிரும் போய்விட்டது.

வீட்டில் ஏற்கனவே ஒரு வேப்பங்கன்று இருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது லயத்து வீடுகளின் சாக்கடை ஓரம் தானாக முளைத்துக் கிடந்ததை மண்ணோடு பெயர்த்து, பால்மாவு டின்னில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஒரு சாண் உயரம். மகனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோலசிலாங்கூர் போகிற ரோட்டில் ஒரு நர்சரி இருக்கிறது, அங்கே பெரிய கெத்தாப்பாங் மரமாகவே கிடைக்கும் என்றான். புதிய தாமான் குடியிருப்புகளில் ரோட்டோரம் வரிசையாக வைத்திருப்பார்களே, அடுக்கடுக்காகத் தட்டு வைத்தது போல் கிளை விரிக்கும் மரம், அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் காரில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனோம்.

நர்சரியில் மரம் போர்ச்சுக் கூரை உயரத்துக்கு நின்றது. நர்சரிக்காரர், "அக்கா, இன்னிக்கு நட்டா இன்னிக்கே நெழலு. ஒரு வருஷத்துல குடை மாதிரி விரிஞ்சிரும்," என்றார். எனக்கு அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை. வேர் பரவி லோங்காங் சாக்கடைச் சிமெண்டைப் பெயர்த்துவிடுமா? இவ்வளவு சின்ன இலை கொட்டினால் கூரைத் தண்ணீர் போகிற குழாய் அடைக்காதா? புயலில் கிளை முறிந்து இவர் தலையில் விழுந்தால்? கேட்டுக்கொண்டே போனேன். அந்த மனுஷன் கடைசியில், "அப்ப வேற மரம் பாருங்கக்கா," என்று சொல்லிவிட்டார்.

வேம்பு மட்டும் என்ன, எனக்கு நிம்மதியா தந்தது? காற்று நல்லது, வேர் ஆழமாக இறங்கும், கிளை லேசில் ஒடியாது. ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகும், எங்கள் மண்ணோ மழைக்குச் சேறு. அது தப்பிப் பெரிதானால் இன்னொரு தொல்லை. வீட்டு வாசலில் வேம்பு நின்றால் நம் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். அம்மை போட்டால் கொத்து ஒடிக்க வருவார்கள், ஆடி மாசம் வருவார்கள். ஒரு நாள் விடிந்து பார்த்தால் அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். மறு வாரம் ஒரு சூலம். அதற்கப்புறம் வேர் சுவரையே பிளந்தாலும் எவன் துணிந்து வெட்டுவான்? நானே விடமாட்டேன்.

இதையெல்லாம் காருக்குப் பக்கத்தில் நின்று மகனிடம் கொட்டினேன். கார்க் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், எதற்கும் வேம்பே இருக்கட்டும், நம் மரம், என்றேன்.

மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "மா, பிராக்டிகலா யோசிங்க லா. அந்தக் கன்னு நெழலு குடுக்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுக்குள்ள அப்பா…"

அதோடு நிறுத்திக்கொண்டான். நர்சரிக்காரர் குனிந்து ஏதோ தொட்டியை நகர்த்தினார். நான் காருக்குள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. "வாயக் கழுவுடா!" என்று மட்டும் சொன்னேன். மரம் வாங்காமல் திரும்பி வந்தோம். வீட்டில் இறங்கும்போது மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாரிப்பா," என்றான். அவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று தோன்றியது.

பிறகு என்னால் கெத்தாப்பாங் என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. அதை வாங்கினால், மகன் பாதியில் விட்டதை நான் சொல்லி முடித்த மாதிரி ஆகிவிடும். சீக்கிரம் வளர்கிற மரத்தைத் தேடுகிறவள் எதற்காகத் தேடுகிறாள்? வேம்பை வைத்தால் அவர் இருப்பார், அது பெரிதாகும்வரை இருந்துதான் ஆகவேண்டும். இது கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பயத்தோடு வாதாட என்னால் முடியவில்லை. வெயில் மட்டும் தினமும் நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் மகன் வேலைக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போர்ச்சுக்கு முன்னால் இறங்கினேன். குழி வெட்டினேன். டின்னைக் கவிழ்த்துக் கன்றை எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வேணாம்," என்றார்.

"ஏனாம்?"

அவருக்கு ஒரு வார்த்தை வெளியே வர நேரமாகும். கன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றேன். "அங்க… நர்சரி மரத்த வை. இத… அடுப்படி சன்னல்கிட்ட வை."

"அடுப்படிக்கு எதுக்கு நெழலு? அங்க யாரு உக்காரப் போறா?"

"நீதான். அது எனக்கு. இது உனக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "மெதுவா வளரட்டும். நீ இருப்பல்ல."

மண்வெட்டியைத் தூக்கி வேலியோரம் எறிந்தேன். "எனக்கு ஒரு மரமும் வேணாம்! நெழலும் வேணாம்! யாரு கேட்டா உங்கள?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க வாய்தான் சிரித்தது. அழுகை நின்ற பிறகு கன்றைக் கொண்டுபோய் அவர் சொன்ன இடத்தில் நட்டேன். வேறென்ன செய்வது?

அந்த வாரமே கெத்தாப்பாங் லோரியில் வந்தது. ஓட்டி வந்தவர் வளைக்கத் தெரியாமல் திணற, இவர் நாற்காலியில் இருந்தபடி இடது கையை ஆட்டி, "கோஸ்தான், கோஸ்தான்… போதும்!" என்று பின்னால் வரவைத்து, குழிக்கு நேரே நிறுத்திவிட்டார். நோய் வந்த பிறகு அவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது சாயங்காலம் வரை அந்த நிழல் அவர் மடியில் கிடக்கிறது. கூரைக் குழாய் நான் பயந்தபடியே இரண்டு தடவை அடைத்துக்கொண்டது, போகட்டும். தண்ணீர் வெட்டு வந்தால் குளிக்க வைத்திருக்கும் தண்ணீரைக்கூட மரத்துக்கு ஊற்றிவிடுகிறேன். எட்டிப் பார்ப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

அடுப்படிப் பக்கம் படி இருக்கிறது, அவரால் அங்கே போக முடியாது. அதனால் பசியாறும்போதெல்லாம் கேட்பார்: "ஒன் மரம் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் நிக்கிது. ஒரு கொழுந்துகூட விடல," என்கிறேன். "நீங்க ரொம்ப நாளு காத்துக்கெடக்கணும் போல."

சன்னல் கம்பியைத் தாண்டி அது வளர்ந்துவிட்டதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.