முன்பக்கம் இல்லாத நாவல்

கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோவிலோடு சேர்ந்த ஒரு சிறு நூலகம் உண்டு. அங்கிருந்துதான் அந்தத் தடித்த நாவலை எடுத்து வந்தேன். பச்சைத் துணியில் மறுபடி கட்டிய அட்டை, முதுகில் எழுத்து அழிந்திருந்தது. முன்பக்கங்கள் சில உதிர்ந்து போயிருந்தன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். செமினியில் தங்கிப் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இத முடிச்சிட்டா உங்களுக்கு நான் பிரியாணி வாங்கித் தரேன்லா. ஆனா கதைய எனக்குச் சொல்லணும்."

பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவுக்கடையில் தோசை ஊற்றுகிறேன். போக வர ரயிலில் படித்தேன். தொடக்கத்திலேயே ஒரு பெண் யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏன் கோபம் என்று எழுதவில்லை. யார் யாரோ வந்து சமாதானம் சொன்னார்கள். அவர்கள் அண்ணனா, மாமனா, அதுவும் புரியவில்லை. படித்தவர்களுக்கு விளங்கும், என் தலைக்குத்தான் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். படிக்கும்போது என் உதடு அசையும். எதிரில் யாராவது பார்த்தால் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வேன்.

மகள் போனில் கேட்பாள்: "அவ ஏன்பா பேச மாட்டேங்கிறா?"

"போகப் போகத் தெரியும்."

பல மாதம் கழித்து, ரயில் சுபாங் ஜெயா நிலையத்தைத் தாண்டும்போது கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அடியில், 'இரண்டாம் பாகம் முற்றிற்று.'

காது சூடாகிவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினேன்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "முடிச்சிட்டீங்களா தம்பி? எப்படி இருந்துச்சி?" என்றார்.

"நல்லா இருந்துச்சி டீச்சர்."

அவருக்குப் பின்னால், கீழ்த்தட்டில், அதே பச்சைத் துணியில், முதுகில் எழுத்து அழியாமல், முதல் பாகம் இருந்தது. கேட்க வாய் வரவில்லை. "அடுத்தது வேணுமா?" என்றார். தலையாட்டினேன். மூன்றாம் பாகத்தோடு வெளியே வந்தேன்.

மறுநாள் நான் ரயிலில் போகும்போது மகள் போனில் கூப்பிட்டாள். பிரியாணி எப்போது வாங்கித் தரணும் என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

வயிறு வலிக்கச் சிரித்தாள். "அப்பா! அவ்ளோ பக்கத்தையும் ஒண்ணும் புரியாமலேயா படிச்சீங்க?"

"மெதுவா பேசு, பக்கத்துல ஆள் இருக்காங்க."

"சரி சரி. இந்த வாரம் வரேன். டீச்சர்கிட்ட எனக்கு வேணும்னு சொல்லி முதல் பாகத்த எடுத்துத் தரேன். அதுவரைக்கும் மூணாவதத் தொடாதீங்க."

சரி என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகும் முகம் எரிந்தது. ஆனால் மடியில் விரித்திருந்த மூன்றாம் பாகத்தை மூடத்தான் மனம் வரவில்லை. அந்தப் பெண் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியிருந்தாள்.