வில்லுக்காரன் செத்த சாயங்காலம்

திரையின் வலது ஓரத்தில் ஐந்து சின்ன முகங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அடிபட அடிபட முகத்தின் மேல் சிவப்பு ஏறும். முழுக்க ஏறிவிட்டால் சாம்பல் நிறமாகிவிடும், அதற்கப்புறம் அந்த ஆள் கிடையாது. அந்தச் சிவப்பைப் பார்த்தாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன். வெறும் கம்ப்யூட்டர் விளையாட்டுதானே என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் யாரும் தாராவியில் ஒற்றை அறை வீட்டுப் பரணில், தலை தகரத்தில் இடிக்க, ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஐந்து பேரோடு குந்தியிருந்தவர்கள் இல்லை.

கம்ப்யூட்டர் அண்ணனுடையது. மூடிப்போன சைபர் கஃபே ஒன்றிலிருந்து கைமாறி வந்தது. விளையாட்டும் பழசு. ஊர் ஊராகப் போய், வழியில் சேர்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு, குகைகளையும் கோட்டைகளையும் கடக்க வேண்டும். அந்த ஆட்களின் இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன். திட்டிக்கொண்டே காயத்துக்கு மருந்து போடுகிறவள் டீச்சரம்மா. எனக்கு அவள் என்றால் உயிர். அண்ணனுக்குப் பிடித்தவன் வில்லுக்காரன். ஒரு கால் நொண்டி, எப்போதும் கடைசியில் வருவான், எந்தக் குகை வாசலிலும் திரும்பிப் போய்விடலாம் என்று புலம்புவான். "அஞ்சு பேர்ல அவன் ஒருத்தந்தாம்ட்டி பொய் சொல்லாதவன்" என்பான் அண்ணன். ஆடுவதில் அண்ணனுக்கு ஒரு சட்டம் இருந்தது: செத்தால் செத்ததுதான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் ஆட்டத்தை மாற்றி ஆடக் கூடாது.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொருவர் பெயரைச் சொல்லி வேண்ட வேண்டும். நான் ஒரு நாள் வில்லுக்காரனின் காலுக்காக ஜெபித்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோ பிள்ளையின் பட்டப்பெயர் என்று நினைத்து அம்மாவும் உருக்கமாக ஆமென் சொல்லிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் நங்கென்று ஒரு குட்டு. "ஆண்டவருக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியாட்டி?" அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்த இருமல் நிற்கவேயில்லை.

ரத்தம் வந்த அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சந்தில் கேட்டவர்களிடம் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லச் சொன்னாள் அம்மா. பெண்பிள்ளை இருக்கிற வீடு, நாளைக்கு ஒருத்தன் வந்து கட்டுவானா என்ற பயம். வீட்டுக்குள்ளும் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட 'அந்தக் காரியம்' என்றுதான் சொன்னாள். ஆண்டவருக்கும் தெரியக் கூடாது என்பதுபோல! ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போகவுமில்லை.

ஆட்டம் அண்ணன் விட்ட இடத்தில் நின்றது, ஒரு குகை வாசலில். ஐந்து முகமும் அப்படியே இருக்கிறவரை அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, பயம் தானாகவே சொன்னது. தினமும் பரணேறி, ஐந்து பேரையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன்.

சாயங்காலம் அம்மா சாப்பாடு கொண்டுபோகும்போது, அவள் போனிலிருந்து அண்ணன் அப்பாவின் போனுக்குப் பேசுவான். "ஏட்டி, குகைக்குள்ள போனியா? என்ன ஆச்சு?" போனேன் என்று கதை கட்டினேன். ஓநாய் வந்தது, ஓடிப்போனது. பூதம் வந்தது, அதுவும் ஓடிப்போனது. சில நாள் கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் குரலைத் தாழ்த்தினான்.

"ஒருத்தனுக்கும் ஒரு கீறல்கூட இல்லையா? நீயும் ஏமாத்தாதட்டி. பக்கத்து பெட் மாமா செத்துப் போயிட்டாரு. கேட்டா வேற வார்டுக்கு மாத்திருக்குன்னு சொல்லுதாங்க. எல்லாரும் எங்கிட்ட சிரிச்சு சிரிச்சுப் பேசுதாங்க. எனக்கு அதான் பயமா இருக்கு."

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் பரணேறினேன். குகைக்குள் போனேன். பாதி தூரத்தில் சிலந்திகள் மொய்த்துக்கொண்டன. மூன்று பேரைக் காப்பாற்றும் அவசரத்தில் பின்னால் வந்தவனை மறந்துவிட்டேன். நொண்டிக்கொண்டே ஓடிவரப் பார்த்தான். டீச்சரம்மா அவனை நோக்கிப் போவதற்குள் முகம் சாம்பலாகிவிட்டது. அண்ணன் போய்விட்டான் என்றே நினைத்தேன். போன் அடித்தபோது அப்பா எடுப்பதற்குள் பாய்ந்து எடுத்தேன். அண்ணனின் குரல்தான். எனக்கு மூச்சு வந்தது.

"வில்லுக்காரன் செத்துட்டாம்ணே."

"எப்பிடிட்டி?"

ஒன்று விடாமல் சொன்னேன், அழுதுகொண்டே. குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு போனை வைக்க மறந்து, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் அவன் பேசியது எனக்குக் கேட்டது.

"எம்மா, அவ சின்னப் புள்ள, அவளே உள்ளதச் சொல்லிட்டா. டாக்டர் என்ன சொன்னாரு? நீயும் சொல்லு."

அம்மா முதலில் ஏதோ சமாளித்தாள். அப்புறம் உடைந்துவிட்டாள். டிபி என்ற சொல்லை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். மருந்து பிடிக்கவில்லை, ஒரு பக்க நுரையீரலை எடுக்க வேண்டும், பிழைப்பானா என்று உறுதி சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று தேம்பினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அண்ணன் அழுதான். இருவரும் சேர்ந்து அழுதார்கள். அத்தனை நாளில் அந்த வார்டில் அவன் அழுதது அன்றுதான் என்று பின்னால் அம்மா சொன்னாள்.

அண்ணன் பிழைத்தான். இத்தனை வருஷமாக மிச்சமிருக்கிற ஒரு பக்க நுரையீரலோடு, இப்போது ஐரோலியில் ஒரு ஆபீஸுக்குப் போகிறான், ரயில்வே ஸ்டேஷன் படியேறினால் பாதியில் நின்றுகொள்வான். அம்மாவுக்கு இப்போது மார்பில் ஒரு கட்டி. போன வாரம் ரிப்போர்ட்டை அவளே தனியாகப் போய் வாங்கிவிட்டு, எங்கள் இருவரையும் அவள் இப்போது இருக்கிற சுனாபட்டி வீட்டுக்கு வரச்சொன்னாள். சந்துக்குத் தெரியக் கூடாதென்று அன்று பயந்தவள், கதவைக்கூடச் சாத்தவில்லை.

"கேன்சர்னு போட்டிருக்கு" என்றாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. திங்கக்கிழம ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."