கோமதி அம்மாவின் கோப்பு உறை

சட்டத்தரணி கோமதி காலமான செய்தி வந்தபோது, ஹட்டன் பஜாரில் என் மொழிபெயர்ப்பு மேசையில் அவர் கொடுத்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஜூனியர் பெண் போனில், "அண்ணே, அம்மா போயிட்டாங்க" என்றாள். கையிலிருந்த பத்தியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் அவருக்குப் பிடிக்காது.

நீதிமன்ற வட்டாரத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு அந்தக் கோப்பு உறைகள் நினைவிருக்கும். வழக்கு இலக்கத்துக்கு மேலே, வந்தவர் கேட்ட கேள்வியை வந்தவரின் வாய்மொழியிலேயே எழுதுவார். வழக்கு முடிந்ததும் கீழே பதிலை எழுதுவார். "கேள்வி தொலைஞ்சா வழக்கும் தொலைஞ்சிருமுங்க" என்பார்.

வட்டகொடை மல்லிகாவின் உறையில் இருந்த கேள்வி இது: "அங்க அத்துப்போச்சு, இங்க ஏன் அத்துப்போகல?" இங்கே கல்யாணம் பதிந்து, புருஷனோடு லண்டன் போய், அங்கே நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பியவள். கொட்டகலையில் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். பதிவாளரோ, அந்த ஊர்த் தீர்ப்பு இங்கே செல்லாது, நீ இன்னும் பழைய கணவனின் மனைவிதான் என்று கைவிரித்துவிட்டார்.

"இங்கேயும் ஒரு வழக்குப் போட்டுவிட்டால் முடிந்தது" என்றேன். கோமதி அம்மா என்னிடம் கோபப்பட்டது அன்று மட்டும்தான். "ஒரு பொம்பள எத்தனை நாட்டுல தன் கதையைச் சொல்லி அழணுங்க?" வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்கும்படி சட்டத்தை மாற்றக் கோரி, கொழும்புக்கு மனுவுக்கு மேல் மனு அனுப்பினார். மூன்று மொழியிலும் தட்டித் தந்தவன் நான். "கல்லுல நார் உரிக்கிறீங்க" என்று கேலி வேறு செய்தேன். ஒருவழியாகச் சட்டம் மாறியது.

தீர்ப்பை இங்கே பதிய, முத்திரையிட்ட பிரதி கேட்டார்கள். மல்லிகா பெருமையாக நீட்டினாள், பளபளவென்று லேமினேட் செய்து! நம் ஆட்கள் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி எல்லாவற்றையும் அப்படித்தானே காப்பாற்றுகிறோம். பிளாஸ்டிக்குக்குள் மாட்டிய முத்திரையை நீதிமன்ற அலுவலகத்தில் ஏற்கவில்லை. நான் அவளைப் பிடித்துச் சத்தம் போட்டேன். கோமதி அம்மா குறுக்கே வந்தார். "தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது, அவ பேப்பரைக் காப்பாத்தியிருக்கா. திட்டணும்னா கூரையைத் திட்டுங்க." அன்றே புதிய பிரதி கேட்டு லண்டனுக்கு எழுதினார். அது வந்தபோது அவர் படுக்கையில் விழுந்திருந்தார். போன் வந்த அன்று என் மேசையில் இருந்தது அந்தப் பிரதிதான்.

கருமாதி முடிந்து சில வாரங்களில் ஜூனியர் லண்டன் தீர்ப்பைப் பதியும் உத்தரவை வாங்கிவிட்டாள். மல்லிகா அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இதை லேமினேட் பண்ணலாங்களா?"

"ஐயோ, வேணாம் தாயி!"

இருவரும் சிரித்தோம். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஜூனியர் என்னிடம் கொடுத்திருந்த, மல்லிகாவின் பழைய உறையை எடுத்தேன். பதில் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதை நிரப்ப எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. பேனாவை மல்லிகாவிடம் கொடுத்தேன்.

"இங்கயும் அத்துப்போச்சும்மா" என்று எழுதினாள்.

அந்த உறை என்னிடம் இருக்கிறது.