மாமியின் வாட்சில் துரு

வாட்ச் ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள் பொய் சொல்வார்கள். தண்ணீரில் போட்டிருப்பார்கள், பிள்ளை கழற்றியிருக்கும். கேட்டால் தானாக நின்றுவிட்டது என்பார்கள். சாலைக் கடைத்தெருவில் முப்பது வருடம் இதைக் கேட்டு எனக்கு எரிச்சல் முற்றிப்போயிற்று. வலியசாலை விஜயலக்ஷ்மி மாமி மட்டும் பொய் சொல்லமாட்டார்.

அவர் கணவர் நாகேஸ்வரன் 1991இல் ஒருநாள் வாட்சை அலமாரியில் மறந்துவைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். திரும்பவில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு வருடம் ஆனதும், இறந்துவிட்டதாக வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று மாமியின் அண்ணன் நச்சரித்தார். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. தினம் விளக்கேற்றியதும் வாட்சுக்குச் சாவி கொடுப்பார். அது ஓடுகிறவரை கணவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று நம்பினார்.

ஒருநாள் கடை திறக்குமுன்பே மாமி வந்து நின்றார்.

"கார்த்தால நின்னுடுத்து, மாணிக்கம். திருகினா பிடிக்கவே மாட்டேங்கறது. எப்படியாவது ஓட வெச்சுடு."

மெயின் ஸ்பிரிங் போயிருக்கும், அரைமணி வேலை. பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் சுருண்டிருக்கும் வட்ட டப்பாவைத் திறந்தேன். ஸ்பிரிங் மூன்று துண்டாகக் கிடந்தது. காலையில் முறிந்திருந்தால் முனை பளபளவென்று இருக்கும். இதில் முனையெல்லாம் துரு. துண்டுகள் டப்பாவோடு ஒட்டிப்போயிருந்தன, ஊசியால் நெம்பித்தான் எடுத்தேன்.

என் நாக்கில் சனி. "இது முறிஞ்சு அஞ்சாறு வருஷம் இருக்கும் மாமி. இதை வச்சு ஓடியிருக்கவே முடியாது" என்றேன்.

"தினம் காதுல வெச்சுக் கேட்டேனே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் பட்டை மாற்றக் கொண்டுவந்தபோது நானும் கேட்டேன். டிக் டிக்கென்று ஓடியது. ரேடியோ மணியோடு ஒத்துப்பார்த்தேன், ஒரு நிமிடம் பிசகில்லை. பட்டப்பகல், எதிரே வெங்காய லாரியில் ஆள் சுமை இறக்குகிறான், எனக்கோ அந்த வாட்சைத் தொடப் பயமாக இருந்தது.

மாமியிடம் அதைச் சொல்லவில்லை. கர்த்தரை வேண்டிக்கொண்டே புது ஸ்பிரிங்கைப் பொருத்தினேன். ஓடியது.

மாமி வாங்கிக் காதில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இது வாட்ச் ஓடற சத்தம்" என்றார்.

"பின்னே வேற என்ன கேக்கும் மாமி?"

"இத்தனை நாள் கேட்டது இது இல்லை." வாட்சை என் மேஜையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். "அண்ணாகிட்ட காரியத்துக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லணும். எங்காத்துக்காரர் இன்னிக்குக் கார்த்தாலதான் போயிருக்கார்."